திட்டம் கைக்கு வந்ததும் முதலில் எங்கே போவது? யூஎக்ஸ் வேலைமுறை பற்றி ஓர் இழை

கேள்வி: 6 ஜனவரி 2025

வணக்கம். யூஎக்ஸ் வேலையில், அதாவது செயலிகளையும் மென்பொருள்களையும் பயன்படுத்துவோரின் அனுபவத்தை வடிவமைக்கும் வேலையில், சேர்ந்து ஓராண்டு முடியப்போகிறது. பயிற்சி வகுப்பில் பயனர் ஆய்வு, பயனர் சித்திரம் (மாதிரிப் பயனரின் விவரம்), பயண வரைபடம் (பயனர் கடக்கும் படிகள்), வயர்ஃபிரேம் (திரையின் கோட்டு வரைவு), முன்மாதிரி, சோதனை என்று ஒரு வரிசை சொல்லிக்கொடுத்தார்கள். அலுவலகத்தில் அந்த வரிசைக்கு யாரும் காத்திருப்பதில்லை. நான் கூட்டத்துக்குள் நுழையும்போதே டெவலப்பர்கள் பாதி வேலையை முடித்திருக்கிறார்கள். என்னிடம் திரைகளைச் சீராக்கித் தரச் சொல்கிறார்கள். அந்த வரிசை பாடத்தோடு நின்றுவிடும் ஒன்று என்றே எனக்குத் தோன்றத் தொடங்கிவிட்டது. அனுபவமுள்ளவர்கள் ஒரு புதிய திட்டம் வந்தால் உண்மையில் என்ன செய்கிறீர்கள்?

7 ஜனவரி 2025

அந்த வரிசையில் உள்ள ஒவ்வொரு வேலையும் தேவையானதுதான். ஆனால் அது, முடிந்த வேலையைப் பிறருக்கு விளக்கும்போது அமையும் வரிசை. வேலை நடக்கும்போது அது அப்படி நேர்க்கோட்டில் நடப்பதில்லை. என்னைக் கேட்டால், திட்டம் வந்த முதல் வாரத்தில், திரை வரையும் மென்பொருளான ஃபிக்மாவைத் திறக்காமல் இருப்பதே நல்லது. திட்டக் குறிப்பைப் படித்துவிட்டு, அதை எழுதியவரிடம் இரண்டு கேள்விகள் கேட்பேன். இது வந்தபின் யாருடைய நாள் எப்படி மாறியிருக்க வேண்டும்? இது வருவதால் யாருக்காவது சங்கடம் உண்டாகுமா? இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலும் அவர்களிடம் பதில் இருக்காது. அந்தப் பதிலைத் தேடித்தான் நான் இடத்துக்குப் போகிறேன்.

ஒரு திட்டத்தை வைத்தே சொல்கிறேன். மேற்கு மாவட்டங்களில் பால் கொள்முதல் செய்யும் ஒரு தனியார் பால் நிறுவனம் பால் ஊற்றுபவர்களுக்காக ஒரு செயலி வேண்டும் என்று எங்களிடம் வந்தது. நாள்தோறும் எத்தனை லிட்டர், கொழுப்பு எவ்வளவு, எஸ்.என்.எஃப். (கொழுப்பல்லாத திடப்பொருள்) எவ்வளவு, என்ன விலை, வங்கிக்குப் பணம் வந்ததா, இவற்றையெல்லாம் வண்ண வரைபடங்களாகக் காட்ட வேண்டும் என்று குறிப்பில் இருந்தது. மாதிரித் திரைகளைக்கூட அவர்களே ஒட்டி அனுப்பியிருந்தார்கள். அவற்றைப் பார்த்தபோது பங்குச் சந்தைச் செயலி ஒன்றின் நினைவுதான் வந்தது. நாங்கள் வரையத் தொடங்காமல், பால் எடுக்கும் நேரத்தில் கொள்முதல் நிலையத்தில் நிற்க அனுமதி கேட்டோம்.

7 ஜனவரி, இரவு

மேலே எழுதியதில் ஒன்று விடுபட்டுவிட்டது. நிலையத்துக்குப் போகும்போது கேள்வித்தாள் எடுத்துப் போகவில்லை. காலை ஐந்தரை மணிக்குக் கேனோடு வரிசையில் நிற்பவரிடம் 'உங்கள் எதிர்பார்ப்பு என்ன?' என்று கேட்டால், நம்மை அனுப்பிவைப்பதற்காக ஏதாவது சொல்வார்களே தவிர, அது பதிலாக இராது. யாருக்கும் இடைஞ்சல் இல்லாத ஒரு மூலையில் நின்று, யார் எதைப் பார்க்கிறார்கள், எதை இரண்டாம் முறை பார்க்கிறார்கள், எதற்காகக் குரல் உயர்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொண்டோம். பேச்சு எல்லாம் பால் ஊற்றி முடித்துத் திரும்பும் வழியில்தான்.

10 ஜனவரி 2025

அங்கே கண்டதைக் கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கேனிலிருந்து பாலை எடைத் தராசின் மேலிருக்கும் பாத்திரத்தில் ஊற்றுவார்கள். பாலின் தரம் பார்க்கும் ஊழியரான டெஸ்டர் அதிலிருந்து சிறு குப்பியில் மாதிரி எடுத்து, பாலைச் சோதிக்கும் இயந்திரமான அனலைசரின் குழாயை அதில் நுழைப்பார். சற்று நேரத்தில் கொழுப்பும் எஸ்.என்.எஃப்.பும் சிவப்பு எண்களாகத் தெரியும். அந்த எண்கள் டெஸ்டரைப் பார்த்தபடி இருந்தன. ஊற்றியவர் மேசைக்கு இந்தப் பக்கம் நின்று, கழுத்தை நீட்டித் தலைகீழாக அதைப் படிக்க முயல்வார். அதற்குள் அடுத்தவர் கேனைத் தூக்கிவிடுவார். கையில் கிடைப்பது ஒரு சிட்டை. வெப்பத்தாளில் அச்சானது. பெண்கள் அதை மடித்துச் சுருக்குப்பையிலோ ரவிக்கையிலோ வைத்துக்கொள்கிறார்கள். வெயிலும் வியர்வையும் பட்டு, பட்டுவாடா நாளில் அதை வெளியே எடுக்கும்போது பாதிச் சிட்டைகளில் எழுத்தே இல்லை.

ஓர் அம்மாவிடம் கொழுப்பு எண் குறைந்தது பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். "மாடு பொய் சொல்லாதுங்க கண்ணு, மிசின் சொல்லும்" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. தெரிந்த ஒன்றைத் தெரிவிப்பது போலச் சொன்னார். எனக்குத் திட்டமே அந்த இடத்தில்தான் தெளிவானது. அவருக்கு எண் கிடைக்காமல் இல்லை. கிடைத்த எண்ணை நம்புவதற்கு அவரிடம் எந்த ஆதாரமும் இல்லை. வண்ண வரைபடத்தில் அதே எண்ணைப் போட்டுக் கொடுத்தால் அவர் நம்பாத ஒன்றை நாம் பெரிதாக்கிக் காட்டியிருப்போம்.

11 ஜனவரி 2025

'வடிவமைப்பாளர் மாட்டைப் பற்றியும் படிக்க வேண்டுமா' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆம், படிக்க வேண்டும். துறையறிவு இல்லாமல் எடுத்த வடிவமைப்பு முடிவு ஊகம்தான்.

பால் ஊற்றுபவர்கள் எல்லாரும் சுற்றிச் சுற்றிக் கேட்ட கேள்வி ஒன்றே: நேற்று இவ்வளவு இருந்ததே, இன்று ஏன் குறைந்தது? இதற்கான காரணங்களை ஒரு கால்நடை மருத்துவரிடம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டோம். ஒரே கறவையில் முதலில் வரும் பாலைவிடக் கடைசியாக வரும் பாலில் கொழுப்பு மிக அதிகம். அந்தக் கடைசிப் பாலைக் கன்றுக்கு விட்டுவிட்டால் கேனில் உள்ள பாலின் கொழுப்பு குறைந்துதான் தெரியும். காலைக் கறவைக்கும் மாலைக் கறவைக்கும் இடையே உள்ள நேரம் குறைவாக இருந்தால் மாலைப் பாலில் கொழுப்பு கூடும். உலர்தீவனம் குறைந்து அடர்தீவனம் மிகுந்தாலும் கொழுப்பு இறங்கும்.

இவற்றைத் தெரிந்துகொண்டதும் திரையில் இரண்டு முடிவுகள் தாமாகவே வந்தன. இன்று காலை எண்ணை நேற்று மாலை எண்ணோடு பக்கத்தில் வைத்துக் காட்டக் கூடாது. காலையைக் காலையோடும் மாலையை மாலையோடும்தான் ஒப்பிட வேண்டும். எண் குறிப்பிடத்தக்க அளவு இறங்கியிருந்தால் மட்டும், அதன் கீழே 'கடைசிப் பால் கன்றுக்குப் போனதா? தீவனம் மாறியதா?' என்று இரண்டு வரிகள் வர வேண்டும். முன்மாதிரியில் வரைபடம் ஒன்றையும் இந்த எளிய ஒப்பீட்டையும் அருகருகே காட்டினோம். வரைபடத்தை மரியாதைக்குப் பார்த்தார்கள். ஒப்பீட்டைப் பார்த்தவர்கள், செவ்வாய்க்கிழமை சோளத்தட்டு தீர்ந்துபோனதைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள்.

11 ஜனவரி, மாலை

ஆம், அந்த நிறுவனம் வரைபடத்தைக் கைவிட மனமில்லாமல் இருந்தது. வாக்குவாதம் செய்யவில்லை, அந்தச் சோதனையின் ஒலிப்பதிவை அவர்களுக்குப் போட்டுக் காட்டினோம்.

13 ஜனவரி 2025

'இதெல்லாம் களத்துக்குப் போக வாய்ப்புள்ள திட்டங்களுக்கு; எங்களுடையது அலுவலகத்துக்குள் பயன்படும் மென்பொருள், மெனுவைச் சரிசெய்தால் போதும்' என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். மெனுவை மட்டும் பார்ப்பதில் உள்ள ஆபத்துக்கு நல்ல உதாரணம் ஒன்று உண்டு. இன்றோடு சரியாக ஏழாண்டு ஆகிறது.

2018 ஜனவரி 13 அன்று காலையில் ஹவாய் மாநிலத்தில் இருந்தவர்களின் கைபேசிகளுக்கு ஏவுகணைத் தாக்குதல் எச்சரிக்கை போனது. அது தவறு என்ற மறுப்புச் செய்தி போக 38 நிமிடம் ஆயிற்று. ஊழியர் மெனுவில் தவறான தெரிவை அழுத்திவிட்டார் என்று முதலில் செய்தி வந்தது. வடிவமைப்பாளர்களாகிய நாம் எல்லாரும் அந்த மெனு என்று பரவிய படத்தை வைத்துக்கொண்டு வகுப்பெடுத்தோம். பிறகு அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையத்தின் விசாரணையில் வேறொன்று தெரியவந்தது. ஒத்திகைக்காக ஒலிபரப்பிய பதிவின் தொடக்கத்திலும் முடிவிலும் இது பயிற்சி என்று இருந்தது. நடுவில் 'இது ஒத்திகை அன்று' என்ற வாக்கியமும் இருந்தது. அதைக் கேட்ட ஊழியர் உண்மையான தாக்குதல் என்றே நம்பி எச்சரிக்கையை அனுப்பியதாகச் சொல்லியிருந்தார். அனுப்புவதற்கு இரண்டாம் ஆளின் ஒப்புதல் தேவைப்படவில்லை. தவறான எச்சரிக்கையை மறுப்பதற்கு முன்கூட்டியே எழுதிவைத்த செய்தியும் இல்லை.

அந்த மெனு மோசமானதுதான். அதை எவ்வளவு செம்மையாக வரைந்திருந்தாலும் அன்று அந்த எச்சரிக்கை போயிருக்கும். ஒத்திகைப் பதிவின் வாசகம், ஒப்புதல் முறை, மறுப்புச் செய்தி ஆகிய மூன்றும் திரைக்கு வெளியே இருந்தவை. உங்கள் அலுவலக மென்பொருளிலும், அழுத்தும் கைக்குச் சற்று முன்னால் என்ன நடக்கிறது, தவறு நேர்ந்தால் திரும்பி வர வழி என்ன என்று பார்த்துவிட்டு மெனுவுக்கு வாருங்கள்.

17 ஜனவரி 2025

மாட்டுப் பொங்கல் முடிந்து இன்றுதான் கணினியைத் திறந்தேன். ஐந்து பேரை வைத்துச் சோதித்தால் போதுமா என்ற கேள்விக்கு நிறைய பதில்கள் வந்திருக்கின்றன. பாதிப் பேர் போதும் என்கிறார்கள், பாதிப் பேர் அது காலாவதியான கணக்கு என்கிறார்கள்.

ஐந்து பேர் போதும் என்பது, பயன்பாட்டு எளிமை ஆய்வாளரான யாகோப் நீல்சன் 2000-இல் எழுதியது. அவரும் தாமஸ் லாண்டவரும் 1993-இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு அடிப்படை. ஒரு பயனரைச் சோதித்தால் சராசரியாக 31 சதவீதச் சிக்கல்கள் தெரியவருகின்றன என்று எடுத்துக்கொண்டால், ஐந்து பேரில் ஏறத்தாழ 85 சதவீதம் தெரிந்துவிடும். பலரும் இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். பதினைந்து பேருக்கு வசதி இருந்தால் ஒரே தடவையில் பதினைந்து பேரைப் பார்க்காமல், ஐந்து பேராக மூன்று சுற்றுப் பார்த்து இடையில் திருத்தங்கள் செய்யுங்கள் என்பதுதான் அவருடைய வாதத்தின் உயிர். பயனர்கள் வெவ்வேறு வகையினராக இருந்தால் ஒவ்வொரு வகையிலும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும் என்றும் அவரே சொல்லியிருக்கிறார்.

எங்கள் திட்டத்தில் மாடு வளர்க்கும் பெண்கள், டெஸ்டர், நிலையப் பொறுப்பாளர் என மூன்று வகையினர். ஐந்து பேர் என்ற எண்ணை இவர்கள் மூவருக்கும் சேர்த்து வைத்துக்கொண்டால் பெண்களைத் தவிர வேறு யாரையும் பார்த்திருக்க மாட்டோம்.

18 ஜனவரி 2025

டெஸ்டரைப் பற்றி மேலே ஒரு சொல் வந்துவிட்டது. 10ஆம் தேதி எழுதியதைத் திரும்பப் படிக்கும்போது அவரைப் பற்றி நான் போதுமான அளவு சொல்லவில்லை என்று தெரிகிறது. அந்தக் குறிப்பைப் படிப்பவர்களுக்கு அவர் எதையோ மறைப்பவர் போலத் தோன்றக்கூடும். எங்கள் திட்டத்தில் அதிக நெருக்கடியில் இருந்தவர் அவர்தான்.

விலையை நிர்ணயிப்பது அவரில்லை. இயந்திரத்தை வாங்கியதும் அவரில்லை. ஆனால் எண் குறைந்தால் ஊரார் கேட்பது அவரைத்தான். எல்லாரும் அதே ஊர்க்காரர்கள், சிலர் உறவினர்கள். நாங்கள் செயலியில் நாள்வாரி ஒப்பீட்டைக் கொண்டுவந்தால், ஒவ்வொரு இறக்கத்துக்கும் அவர் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவர் பயந்தார். அந்தப் பயம் நியாயமானது. இதைத்தான் முதல் நாளில் 'யாருக்காவது சங்கடம் உண்டாகுமா' என்று கேட்க வேண்டும் என்றேன். அவருடைய ஒத்துழைப்பு இல்லாமல் அந்தச் செயலி ஒரு மாதம்கூட ஓடாது.

அவரிடம் வேலை கற்றுக்கொள்பவர்கள் போல உட்கார்ந்து பார்த்தோம். அவர் கை எப்போதும் ஈரமாக இருக்கிறது. ஈரக் கைக்குத் தொடுதிரை சரியாக இயங்காது. ஆண்ட்ராய்டு பரிந்துரைக்கும் 48 அலகு அகலத்துக்குப் பொத்தானை வரைந்தாலும் இதில் பயனில்லை. அதனால் அவருக்குத் தொடுதிரைக் கருவி கொடுக்கும் திட்டத்தை விலக்கச் சொல்லி, ஏற்கெனவே அவர் பழகியிருந்த எண் விசைப்பலகையையே வைத்துக்கொண்டோம். அனலைசரோடு இணைக்கக்கூடிய கூடுதல் காட்சிப் பலகை ஒன்றை ஊற்றுபவர்களைப் பார்த்தபடி சுவரில் மாட்டச் சொன்னோம். எண் இருவருக்கும் ஒரே நொடியில் தெரிந்ததும் டெஸ்டரும் அவர்களோடு சேர்ந்து அந்தப் பலகையைப் பார்க்கிறவராக ஆனார். அதன் பிறகு வாக்குவாதம் இயந்திரத்தைப் பற்றியதாக இருந்தது, அவரைப் பற்றியதாக இல்லை. எங்கள் திட்டத்தின் மிகச் சிறந்த பகுதி அந்தப் பலகை என்றே நினைக்கிறேன்; அதில் நாங்கள் வரைந்த திரை ஒன்றுகூட இல்லை.

18 ஜனவரி, சற்று நேரம் கழித்து

பணம் யார் கொடுத்தார்கள் என்று கேட்டவருக்கு: நிறுவனம்தான். செயலியில் அவர்கள் முதலில் கேட்ட பல பகுதிகளை விட்டுவிட்டதால் செலவு மிஞ்சியது.

22 ஜனவரி 2025

தமிழில் திரை அமைப்பது பற்றித் தனியாகக் கேட்டவருக்காக.

ஆங்கிலத்தில் வரைந்து முடித்துவிட்டு மொழிபெயர்ப்புக்கு அனுப்பும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். முதல் வரைவையே தமிழில் எழுதுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, மேலும் கீழும் புள்ளியும் சுழியும் கூடுதல் இடம் கேட்பவை. ஆங்கிலத்துக்கு அளந்த வரி இடைவெளியில் மேல் வரியின் உகரச் சுழியும் கீழ் வரியின் புள்ளியும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும். இன்னொன்று, டெவலப்பர்கள் அடிக்கடி இடறும் இடம்: 'கொழுப்பு' என்பது நமக்கு நான்கு எழுத்து, யூனிகோட் (கணினி எழுத்துகளைக் குறிக்கும் முறை) கணக்கில் எட்டு. எட்டு என்று எண்ணி இடம் போதாமல் நடுவில் வெட்டினால், புள்ளியோ சுழியோ அறுந்துபோய் வேறு எழுத்தாகத் தெரியும். எங்கே வெட்டலாம் என்பதை எழுத்துக் கணக்கில் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

பெயர்கள் இன்னொரு சிக்கல். ஆயத்த வடிவங்கள் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும். நம் ஊரில் முன்னெழுத்தும் பெயரும்தான். ஒரே நிலையத்தில் ஒரே பெயரில் பலர் இருந்தார்கள். டெஸ்டர் யாரையும் பெயர் சொல்லிப் பதியவில்லை, எண் சொல்லித்தான் பதிந்தார். அவர்களும் "நாப்பத்தி மூணு" என்று சொல்லிக்கொண்டேதான் கேனை வைத்தார்கள். அதனால் திரையின் தலைப்பில் பெயருக்கு முன்னால் உறுப்பினர் எண்ணைப் பெரிதாகப் போட்டோம்.

23 ஜனவரி 2025

எண் என்றதும் கைபேசி எண் நினைவுக்கு வருகிறது. அன்றாடப் பால் கணக்கைச் சொல்லும் குறுஞ்செய்தி ஒழுங்காகப் போகிறது என்று நிறுவனத்தின் அறிக்கை சொன்னது. வீடுகளில் விசாரித்தபோது, பதிவில் இருந்த எண் திருப்பூரில் வேலை பார்க்கும் மகனுடையது என்று பல வீடுகளில் சொன்னார்கள். கொழுப்புக் கணக்கு நாள்தோறும் ஒரு பனியன் கம்பெனிக்குள் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. அறிக்கையில் இதைக் காண வழியே இல்லை. கடைகளில் பணம் வந்ததும் தொகையைச் சத்தமாகச் சொல்லும் பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள்; கடைக்காரர் கைவேலையாக இருக்கும்போது கைபேசியைப் பார்க்க முடியாது என்பதை உணர்ந்தவர் செய்த வடிவமைப்பு அது. அதே எண்ணத்தில், சுவர்ப் பலகையோடு கொழுப்பு எண்ணையும் தொகையையும் குரலில் சொல்லும் வசதியைச் சேர்த்தோம். படிக்கத் தெரியாதவர்களுக்கும் கைபேசி இல்லாதவர்களுக்கும் அதுதான் சேவை, செயலி மகனுக்கு.

குரலைப் பற்றி எனக்கு இன்னும் முழு நிம்மதி இல்லை. பின்னால் நிற்பவர்களுக்கும் தொகை கேட்கிறது. சில பெண்களுக்கு அது பிடிக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. எண்ணை மட்டும் சொல்லித் தொகையை விட்டுவிடும் தெரிவைக் கொடுத்தோம். தொகையை வீட்டு ஆண்களுக்குத் தெரியாமல் வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் இருந்தார்கள் என்பதை ஆய்வின்போதே கேட்டறிந்திருக்கலாம் என்பவர்களும் உண்டு. இப்படிப்பட்ட செய்தி முதல் அறிமுகத்தில் யாரிடமும் வராது. திரும்பத் திரும்பப் போய்ப் பழகினால்தான் வரும்.

27 ஜனவரி 2025

இரட்டை வைர வரைபடம், அதாவது சிக்கலுக்கு ஒன்று தீர்வுக்கு ஒன்று என விரிந்து சுருங்கும் இரண்டு வைர வடிவங்களால் வேலைமுறையைக் காட்டும் படம், பயனுள்ளதா என்று கேட்டிருக்கிறீர்கள். பிரிட்டனின் டிசைன் கவுன்சில் பரப்பிய அந்தப் படத்தில் எனக்குப் பிடித்தது முதல் வைரம். தீர்வைத் தேடுவதற்கு முன் சிக்கல் எது என்பதையே விரித்துப் பார்த்துச் சுருக்க வேண்டும் என்று அது தனி இடம் ஒதுக்குகிறது. நிறுவனங்கள் காசு கொடுக்கத் தயங்குவதும் அந்த முதல் பாதிக்குத்தான். கூட்டத்தில் அந்தப் படத்தைக் காட்டி நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் வேலையை அதன் கோடுகளில் ஓட்டாதீர்கள். எங்கள் சிக்கல் எதுவென்று முழுதாகத் தெரிந்தது, முன்மாதிரியைக் கையில் கொடுத்த பிறகுதான்.

30 ஜனவரி 2025

டெவலப்பர்களிடம் ஒப்படைப்பது பற்றிச் சுருக்கமாக. எல்லாம் ஒழுங்காக நடக்கும் நாளின் திரையை எல்லாரும் வரைந்து கொடுப்பார்கள். இயந்திரம் பழுதான நாளின் திரையை வரைந்து கொடுங்கள். அந்த நாளில் பாலின் அடர்த்தியைக் காட்டும் லாக்டோமீட்டரை வைத்துப் பார்த்துக் கையால் பதிவார்கள். கறந்த சூட்டோடு இருக்கும் பாலில் லாக்டோமீட்டர் குறைத்தே காட்டும், வெப்பநிலைக்கு ஏற்பத் திருத்த வேண்டும். ஆகவே அந்த எண்ணுக்குப் பக்கத்தில் 'கைப்பதிவு' என்று தெரிய வேண்டும்; அதை மற்ற நாள்களின் எண்ணோடு ஒப்பிட்டு 'குறைந்துவிட்டது' என்று செயலி சொல்லவே கூடாது. இணையம் இல்லாதபோது பழைய எண்ணைக் காட்டினால் அது எந்த நாள், எந்த வேளை என்று அதன் மேலேயே எழுதியிருக்க வேண்டும். இந்த இரண்டையும் நாங்கள் ஆரம்பத்திலிருந்தே டெவலப்பர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரைந்தோம். அவர்களில் ஒருவரை நிலையத்துக்கு அழைத்துப் போனது பெரிய உதவியாக இருந்தது. அதன் பிறகு விதிவிலக்குகளை அவரே எங்களிடம் கேட்கத் தொடங்கினார்.

3 பிப்ரவரி 2025

கேள்வி கேட்ட நண்பர், அவருடைய மேலாளர் களத்துக்கு அனுப்ப மறுத்துவிட்டார் என்றும், வாடிக்கையாளர் உதவி மையத்தில் அரை நாள் உட்கார மட்டும் ஒப்புக்கொண்டார் என்றும் எழுதியிருக்கிறார். அது சின்ன வாய்ப்பு இல்லை. ஹெட்ஃபோன் ஒன்றை வாங்கி அழைப்புகளைக் கூடவே கேளுங்கள். ஊழியர்கள் மேசையிலும் கணினி ஓரத்திலும் ஒட்டிவைத்திருக்கும் துண்டுச் சீட்டுகளை, அனுமதி கேட்டு, எழுதிக்கொள்ளுங்கள். மென்பொருள் சொல்லாததையெல்லாம் அவர்கள் அந்தச் சீட்டுகளில்தான் எழுதிவைத்திருப்பார்கள். அழைப்புப் பதிவேட்டில் 'மற்றவை' என்ற பிரிவை முதலில் திறந்து படியுங்கள், ஏனென்றால் யாரும் பெயர் வைக்காத சிக்கல்கள் அங்கேதான் குவிந்திருக்கும். ஒரே வாடிக்கையாளர் ஒரே வாரத்தில் இரண்டாம் முறை அழைத்திருந்தால், முதல் அழைப்பில் அவருக்கு என்ன பதில் சொன்னார்கள் என்று பாருங்கள். மாலையில் இவற்றிலிருந்து மூன்று சிக்கல்களைத் தேர்ந்து, அழைத்தவர் சொன்ன சொற்களிலேயே எழுதி, டெவலப்பர்கள் இருக்கும் கூட்டத்தில் வாசியுங்கள். அடுத்த முறை மேலாளரிடம் அனுமதி கேட்கும்போது அவர்களில் யாராவது ஒருவர் உங்களோடு வரத் தயாராக இருப்பார்.